2000 ஏ.டி. படிக்க வருபவர்களுக்கு: ஒன்றாம் நம்பரிலிருந்து தொடங்காதீர்கள்

போன விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன் என் அலமாரியின் கீழ்த்தட்டைக் கிளறிவிட்டு, "மாமா, இது 2400 நம்பருக்கு மேல போயிருக்கே, ஒண்ணுல இருந்தா படிக்கணும்?" என்று கேட்டான். அவன் கையில் இருந்தது '2000 ஏ.டி.' என்ற பிரிட்டிஷ் வாராந்திர அறிவியல் புனைகதை காமிக்ஸ். ஒன்றிலிருந்து மட்டும் வேண்டாம் என்றேன். பின்னே எப்படி என்று விளக்க ஆரம்பித்ததில் சோறு ஆறிப்போனது. அன்றைக்கு அவனிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். நடுநடுவே என் விருப்பு வெறுப்புகளும் வரும். இருபது வருஷம் ஒரு பத்திரிகையைப் படித்தவனிடம் நடுநிலைமையை எதிர்பார்க்காதீர்கள்.

முதலில் என் கதை. எதையும் முறையாகச் செய்கிற சுபாவம் எனக்கு. ஆகவே இந்த இதழின் நட்சத்திரமான ஜட்ஜ் ட்ரெட் என்ற வருங்காலப் போலீஸ்-நீதிபதியின் கதைகளைச் சேர்த்த 'கேஸ் ஃபைல்ஸ்' தொகுப்பில் முதல் பாகத்தை வரவழைத்தேன். கடைக்காரர் ஒரு மாதம் என்று சொன்னது மூன்று மாதம் ஆனது. வந்ததும் ஆவலாகப் பிரித்தால், 1977இல் தட்டுத்தடுமாறித் தன் கதாநாயகனைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு பத்திரிகை. ஓவியர் வாரத்துக்கு வாரம் மாறுகிறார், ட்ரெட்டின் முகவாயும் கூடவே மாறுகிறது. நூறு பக்கம் தாண்டுவதற்குள் மூடி வைத்துவிட்டேன். நாலு வருஷம் கழித்து ஒரு நண்பர் ஐந்தாம் பாகத்தைக் கையில் திணித்தார். அன்றிரவு தூங்கவில்லை. அந்த நாலு வருஷத்தை நீங்களும் வீணாக்க வேண்டாம்.

முதலில், இது என்ன சரக்கு?

1977 பிப்ரவரி 26 தேதியிட்டு முதல் இதழ் வந்தது. விலை 8 பென்ஸ், இலவசமாக ஒரு பிளாஸ்டிக் பறக்கும் தட்டு. தொடங்கியவர் பாட் மில்ஸ். பெயரே அந்தக் காலத்தின் அவநம்பிக்கையிலிருந்து வந்ததுதான்: 2000ஆம் ஆண்டுவரை இது ஓடும் என்று வெளியிட்டவர்களே நினைக்கவில்லை. அன்றைய பிரிட்டிஷ் பதிப்பகங்களின் வழக்கம் அப்படி. புதிதாக ஒரு வார இதழ் தொடங்குவார்கள், விற்பனை சரிந்தால் இன்னொன்றோடு சேர்ப்பார்கள், பிறகு சத்தமில்லாமல் பெயரை எடுத்துவிடுவார்கள். 'ஸ்டார்லார்ட்' 1978இலும் 'டொர்னாடோ' 1979இலும் அப்படித்தான் 2000 ஏ.டி.யின் வயிற்றுக்குள் போயின. விழுங்கியது மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

வழக்கமான இதழ் 32 பக்கம். அதற்குள் ஐந்து கதைகள். ட்ரெட்டுக்கு ஆறு பக்கம், மற்றவற்றுக்குப் பெரும்பாலும் ஐந்து. ஒன்றிரண்டு தவிர எல்லாம் தொடர்கதை. வார இதழில் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வியாழக்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்த அதே பசிதான், இங்கே புதன்கிழமை.

நமக்கு இன்னொரு ஒட்டுறவும் உண்டு. 1972இல் முத்து காமிக்ஸ் அறிமுகப்படுத்திய இரும்புக்கை மாயாவி, பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் 1962இல் பிறந்தவர். லயன் காமிக்ஸில் நாம் படித்த ஸ்பைடரும் ஆர்ச்சியும் அதே பதிப்பக வம்சம். 2000 ஏ.டி.யை 2000ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ரெபெல்லியன் என்ற வீடியோ கேம் நிறுவனம் வாங்கியது. பிறகு 2018இல் அந்தப் பழைய காமிக்ஸ் கிடங்கையும் வாங்கிக்கொண்டது. ஆக, மாயாவிக்கும் ட்ரெட்டுக்கும் இன்று ஒரே வீடு. ஆங்கில மூலத்தில் மாயாவியும் முதல் கதையிலேயே நல்லவர் கிடையாது. கண்ணுக்குத் தெரியாமல் போகும் சக்தி கிடைத்ததும் அவர் இறங்கியது திருட்டு வேலையில்தான். இதை மனதில் வையுங்கள், ட்ரெட்டிடம் போகும்போது உதவும்.

அதன் பாஷை கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

பத்திரிகையைத் திறந்தால் முதலில் பேசுவது ஒரு பச்சை முகம். பெயர் தார்க். இதழின் ஆசிரியர், வேற்றுக்கிரகவாசி, பீட்டல்ஜூஸ் நட்சத்திரப் பக்கத்திலிருந்து வந்தவர். பீட்டல்ஜூஸ் என்றால் நம் திருவாதிரை. அந்த நட்சத்திரத்தில் பிறந்த என் அப்பாவிடம் இதைச் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை.

தார்க் பேசுவதில் பாதி புரியாது. புரிய வேண்டியதும் இல்லை. இதழை 'ப்ராக்' என்பார். நல்லது என்றால் 'ஜார்ஜாஸ்'. வாசகர்கள் 'எர்த்லெட்'கள். எழுத்தாளரும் ஓவியரும் அவரிடம் வேலை செய்யும் ரோபோக்கள். ஏதோ குழந்தைத்தனம் என்று தோன்றும், ஆனால் இந்த ரோபோ விளையாட்டுக்குள் ஒரு நல்ல காரியம் நடந்தது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வார இதழ்களில் கதை எழுதியவர், வரைந்தவர் பெயர் போடும் பழக்கமே இல்லை. இங்கேதான் 'இந்த ரோபோ எழுதியது, அந்த ரோபோ வரைந்தது' என்று ஒவ்வொரு கதையிலும் சின்னக் கட்டம் கட்டிப் போட ஆரம்பித்தார்கள். அதனால்தான் ஆலன் மூர், கிராண்ட் மோரிசன், பிரையன் போலண்ட், டேவ் கிப்பன்ஸ் போன்றவர்களை வாசகர்கள் பெயர் சொல்லித் தேட முடிந்தது. பின்னால் அமெரிக்கக் கம்பெனிகள் வந்து அள்ளிக்கொண்டு போனதும் அதனால்தான்.

கதைக்குள் வரும் 'ட்ரோக்', 'கிரட்' எல்லாம் வசவுகள். நிஜ வசவைச் சிறுவர் இதழில் அச்சிட முடியாது என்பதால் செய்துகொண்டவை. அகராதியில் தேடாதீர்கள்.

எந்தக் கதவு வழியாக நுழைவது

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை கிடையாது. உங்கள் சுபாவத்தைப் பொறுத்தது.

அடிதடி, நையாண்டி, பிரம்மாண்டம் பிடிக்கும் என்றால் ஜட்ஜ் ட்ரெட், கேஸ் ஃபைல்ஸ் ஐந்தாம் பாகம். இதுதான் என் முதல் சிபாரிசு, இரண்டாவது சிபாரிசும்கூட. கறுப்பு வெள்ளை என்று தயங்க வேண்டாம், இந்த ஓவியங்களுக்கு வண்ணம் பூசியிருந்தால் கெட்டிருக்கும்.

துப்பறியும் கதைதான் பிடிக்கும், சத்தம் பிடிக்காது என்றால் 'பிரிங்க்'. டான் அப்னெட் எழுத, கல்பார்ட் வரைகிறார். 2016இல் தொடங்கியது. பூமி வாழ லாயக்கற்றுப் போனபின் மனிதர்கள் விண்வெளியில் கட்டிய வாழிடங்களுக்குள் அடைந்து கிடக்கிறார்கள். கம்பெனிகள் நடத்தும் போலீஸ். அதில் பிரிட்ஜெட் கர்ட்டிஸ் என்றொரு அதிகாரி. முக்கால்வாசி கதை நடைபாதைகளிலும் அலுவலக அறைகளிலும் இரண்டு பேர் நின்று பேசுவதுதான். ஆனாலும் பக்கத்தைத் திருப்பப் பயமாக இருக்கும். இப்போது வருகிறவற்றில் ஒன்றே ஒன்றைக் காப்பாற்றலாம் என்றால் நான் இதைத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

எழுத்தின் சுவைக்காகப் படிப்பவரென்றால் 'தி பேலட் ஆஃப் ஹேலோ ஜோன்ஸ்'. ஆலன் மூர், இயான் கிப்சன், 1984 முதல் 1986 வரை. ஐம்பதாம் நூற்றாண்டில் வேலையில்லாத ஒரு சாதாரணப் பெண். முதல் புத்தகத்தின் பெரிய சாகசம் என்ன தெரியுமா? கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி உயிரோடு வீடு திரும்புவது. லேசர் துப்பாக்கிக்குப் பழகிய அன்றைய பையன்கள் முகம் சுளித்தார்கள். தெருப்பேச்சு அத்தனையும் மூர் இட்டுக்கட்டியது, எதற்கும் விளக்கம் கிடையாது. பத்துப் பக்கம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள், காது பழகிவிடும். ஒன்பது புத்தகம் எழுதத் திட்டமிட்டு, உரிமை யாருக்கு என்ற தகராறில் மூன்றோடு நின்றுபோனது. நின்ற இடமே ஒரு நல்ல முடிவாக அமைந்தது நம் அதிர்ஷ்டம்.

தொடங்கினால் முடிந்துவிட வேண்டும், தொங்கக்கூடாது என்பவர்களுக்கு 'நிகோலாய் டான்டே'. 1997இல் ஆரம்பித்து 2012இல் உண்மையாகவே முடிந்தது. வருங்கால ரஷ்யப் பேரரசு, பெண்பித்துப் பிடித்த ஒரு திருடன், அவன் மெல்ல மெல்ல மனிதனாவது. மசாலாப் படம் மாதிரி தொடங்கும், போகப்போகக் கனக்கும்.

ஒன்றுதான் எடுக்க வேண்டும். நாலையும் ஒரே நாளில் வாங்கிப் போட்டால் நாலும் தூசி படியும். அக்கா மகன் பிரிங்க் எடுத்தான்.

ட்ரெட்டைக் கதாநாயகனாக நினைத்துப் படிக்காதீர்கள்

புதியவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

ட்ரெட் இரண்டாவது இதழில் வந்தார். எழுத்தில் ஜான் வாக்னர், உருவத்தில் கார்லோஸ் எஸ்கெரா என்ற ஸ்பானியர். அமெரிக்காவின் கிழக்குக் கரை முழுக்க ஒரே நகரமாகிப் போன மெகா சிட்டி ஒன். ஆரம்பத்தில் 80 கோடி மக்கள். பெரும்பாலோருக்கு வேலை கிடையாது, அதை ரோபோக்கள் பார்க்கின்றன. தேர்தலும் இல்லை, வக்கீலும் இல்லை. நீதிபதிகளே போலீஸ், அவர்களே தீர்ப்பு, அவர்களே தண்டனை. சர்க்கரை வைத்திருந்தால் குற்றம். இந்த ஊரில் சந்துக்குச் சந்து பைத்தியக்காரத்தனம். வயிற்றைத் தாங்கச் சக்கரம் கட்டிக்கொண்டு யார் அதிகம் தின்பது என்று போட்டி போடுகிறார்கள். காசு கொடுத்து முகத்தை அசிங்கமாக்கிக்கொள்ளும் பாஷன் வருகிறது. சிரித்துக்கொண்டே படிப்பீர்கள், அதுவும் சரிதான்.

ஆனால் நடுவில் நிற்கும் அந்த ஹெல்மெட் ஆளை நம் எம்.ஜி.ஆர். மாதிரி நினைத்துக் கைதட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கை அந்தரத்தில் நின்றுவிடும். 1986இல் ஒரு குட்டிக் கதை வந்தது, பெயர் 'லெட்டர் ஃப்ரம் எ டெமாக்ராட்'. ஜனநாயகம் வேண்டும் என்று கேட்க ஒரு சிறு கூட்டம் டி.வி. நிலையத்தைப் பிடிக்கிறது. அவர்களில் ஒரு பெண் வீட்டுக்கு எழுதிய கடிதம்தான் கதையைச் சொல்லிக்கொண்டு போகிறது. படங்களில் ட்ரெட்டும் மற்ற நீதிபதிகளும் உள்ளே நுழைந்து சுடுகிறார்கள். அத்தனை வருஷம் யாருக்காகக் கைதட்டினோமோ அவரே துப்பாக்கியின் இந்தப் பக்கம். வாக்னரும் அவர் கூட்டாளி ஆலன் கிராண்டும் இந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அது 1990இல் 'அமெரிக்கா' என்ற கதையில் உச்சத்துக்கு வந்தது. ட்ரெட்டுக்கென்று தொடங்கிய 'மெகசீன்' என்ற மாத இதழில் வாக்னர் எழுத, காலின் மக்நீல் வரைந்தது. தனிப் புத்தகமாகக் கிடைக்கிறது. ஐந்தாம் பாகம் முடித்ததும் அடுத்து இதை எடுங்கள். ட்ரெட் இதில் சில பக்கங்களே வருகிறார். படித்து முடித்தபின் பழைய கதைகளின் நகைச்சுவை வேறு மாதிரி ஒலிக்கும்.

இரண்டாவது விஷயம், ட்ரெட்டுக்கு வயதாகிறது. மற்ற காமிக்ஸ் நாயகர்கள் அறுபது வருஷமாக முப்பது வயதில் நிற்பார்கள். இங்கே வெளியில் ஒரு வருஷம் போனால் கதைக்குள்ளும் ஒரு வருஷம் போகும். இந்த வருஷத்தோடு 122ஐக் கூட்டுங்கள், அதுதான் மெகா சிட்டியின் நாள்காட்டி. 1977 என்றால் 2099. ட்ரெட் இப்போது எண்பதைத் தாண்டியவர்.

இதன் பலன் என்ன என்று ஓர் உதாரணம். ஐந்தாம் பாகத்தின் கடைசியில் 'தி அபோகலிப்ஸ் வார்' இருக்கிறது. 1982இல் வந்தது, முழுக்க எஸ்கெராவின் கோடு. சோவியத் நகரமான ஈஸ்ட் மெக் ஒன் தாக்கியதில் மெகா சிட்டியின் பாதி மக்கள் சாகிறார்கள். ட்ரெட் ஒரு சின்னக் குழுவோடு எதிரியின் ஏவுகணைக் கிடங்குக்குள் நுழைந்து, அவர்களுடைய ஏவுகணைகளை அவர்கள் நகரத்தின் மீதே திருப்புகிறார். பட்டனை அழுத்துகிறார். ஐம்பது கோடி பேர். கெஞ்சினாலும் மனம் மாறுவதில்லை. பள்ளிச் சிறுவர்களுக்கான வார இதழில் வந்த கதை இது!

அத்தோடு மறந்திருக்கலாம். 2011இல் வாக்னர் 'டே ஆஃப் கேயாஸ்' எழுதினார். அந்த ஈஸ்ட் மெக்கில் தப்பிப் பிழைத்தவர்கள் முப்பது வருஷம் காத்திருந்து ஒரு கிருமியோடு வருகிறார்கள். நகரத்தில் மிச்சமிருந்த 40 கோடியில் பெரும்பகுதி போய்விடுகிறது. ட்ரெட் ஓடி ஓடிப் பார்க்கிறார், எதையும் தடுக்க முடியவில்லை. 1982இல் பள்ளிக்கூடப் பையனாக அந்தப் பட்டனுக்குக் கைதட்டியவர், 2012இல் நரை விழுந்த தலையோடு அதன் பில்லை வாங்கிப் பார்க்கிறார். வினையை விதைத்தவன் அறுப்பான் என்று எல்லோரும் எழுதலாம். விதைக்கும் அறுவடைக்கும் நடுவே வாசகனை நிஜமாகவே முப்பது வருஷம் காக்கவைத்த கதை எனக்குத் தெரிந்து வேறு இல்லை. ஐந்தாம் பாகத்தைப் படித்துவிட்டு நேரே 'டே ஆஃப் கேயாஸ்' போகாதீர்கள். நடுவில் கொஞ்சம் வருஷங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டால் அது வெறும் தொற்றுநோய்க் கதை.

அதே ஐந்தாம் பாகத்தில் ஒரு படத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 'ஜட்ஜ் டெத் லிவ்ஸ்', போலண்ட் வரைந்தது. உயிரோடிருப்பதே குற்றம் என்று தீர்மானித்த வேற்றுலக நீதிபதிகள் நாலு பேர். அவர்களில் ஒருவன் பெயர் ஃபியர். தன் ஹெல்மெட்டின் கதவைத் திறந்து முகத்தைக் காட்டுவான், பார்த்தவர் பயத்திலேயே செத்துவிடுவார். அவன் கதவைத் திறந்து என்னைப் பார் என்கிறான். ட்ரெட் பார்க்கிறார். அடுத்த படத்தில் ட்ரெட்டின் கை அந்தக் கதவுக்குள் புகுந்து மண்டையின் பின்பக்கம் வழியாக வெளியே வந்திருக்கிறது. போலண்டின் கோடு அவ்வளவு சுத்தம். சிதறும் ஒவ்வொரு துண்டையும் எண்ணலாம். ட்ரெட்டின் வாய் மட்டும் எப்போதும்போலக் கீழ்நோக்கி வளைந்தே இருக்கிறது. பேய்க்கதையை ஒரே குத்தில் நகைச்சுவையாக்கி, அதைக் கம்பீரமாகவும் காட்டிய படம் அது. இந்தப் பக்கத்தில் உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை என்றால், பரவாயில்லை, பிரிங்க் பக்கம் போய்விடுங்கள்.

வார இதழுக்கு வருவது

ஒன்றிரண்டு புத்தகம் முடித்தபின்தான் இது. ஓடும் பஸ்ஸில் ஏறுகிற வேலை, ஏறத் தெரிந்தால் சுலபம்.

வருஷத்தில் சில முறை ஐந்து கதைகளும் ஒரே இதழில் புதிதாகத் தொடங்கும். புதியவர்கள் இதில் ஏறலாம் என்று அவர்களே விளம்பரம் செய்வார்கள். வருஷக் கடைசியில் வரும் கிறிஸ்துமஸ் இதழ் ஏறக்குறைய நூறு பக்கம், அதுவும் நல்ல படிக்கட்டு. இவற்றில் ஒன்றுக்காகக் காத்திருங்கள். இடையில் ஏறினால் ஐந்தில் நாலு கதை ஏழாவது அத்தியாயத்தில் இருக்கும்.

வாங்குவது: இந்தியாவிலிருந்து அச்சு இதழுக்குச் சந்தா கட்டுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தபால் செலவு இதழின் விலையை விழுங்கிவிடும். எனக்கு வந்த ஓர் உறை மழையில் நனைந்து அப்பளம்போல வந்தது, யாரைப் போய்க் கேட்பது? பதிப்பகத்தின் இணையக் கடையில் மின்னிதழ் சந்தா உண்டு. வெளியாகும் புதன்கிழமையே கிடைக்கிறது. பூட்டு இல்லாத பிடிஎஃப் ஆகவே இறக்கிக்கொள்ளலாம், வாங்கியது உங்களிடமே இருக்கும். போனில் படிக்காதீர்கள். பத்து அங்குல டேப்லெட் ஒன்று கடன் வாங்கியாவது படியுங்கள். இந்த ஓவியர்கள் முழுப் பக்கத்தையும் ஒரே பார்வையில் பார்க்கும்படி வரைபவர்கள். கட்டம் கட்டமாகப் பெரிதாக்கினால் கோலத்தில் ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

இதழ் எண்ணைப் பார்த்துக் குழம்பாதீர்கள். 1999 டிசம்பர் சிறப்பிதழுக்கே 'ப்ராக் 2000' என்று பெயர் வைத்துவிட்டார்கள், உண்மையான இரண்டாயிரமாவது இதழ் 2016 செப்டம்பரில் வந்தது. பழைய இதழ் வாங்குகிறவர்கள் எது என்று கேட்டு வாங்குங்கள்.

படிக்கும் முறை. எட்டு வாரம் விடாமல் படியுங்கள். இந்த எட்டு என் கணக்கு. ஒரு கதை மூச்சு வாங்கி எழுந்து நிற்க அவ்வளவு ஆகிறது. ஐந்தில் ஒன்று உங்களுக்குப் பிடிக்காது, அதைப் பத்திரிகையின் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லா வாரமும் யாரோ ஒருவருக்குப் பிடிக்காத கதை அதில் இருக்கும்படிதான் அமைகிறது. பிடிக்காததையும் முதல் மூன்று வாரம் படியுங்கள். அதன்பின் தாராளமாகத் தாண்டுங்கள். நான் இரண்டு துப்பாக்கிக்காரர்களின் 'சினிஸ்டர் டெக்ஸ்டர்' தொடரைப் பல வருஷம் தாண்டிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் பஸ் தாமதமானதில் வேறு வழியின்றிப் படித்தேன். இப்போது முதலில் திறப்பது அதைத்தான். அந்தக் கதை மாறவே இல்லை, எனக்குத்தான் வார்த்தை விளையாட்டை ரசிக்கிற வயது வந்திருந்தது.

இன்னொன்று, 'இதுவரை நடந்தது' என்று முதல் பக்கத்தில் நாலு வரி இருக்கும். அதைக் கண்டிப்பாகப் படியுங்கள். ஐந்து கதையை ஐந்து வாரம் ஞாபகம் வைத்திருக்க யாராலும் முடியாது.

ஐந்து பக்கம் என்பதால் அவசரமாக ஓடிவிடத் தோன்றும். நான் ஒரு தடவை ஓடிவிட்டு, பிறகு முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் மட்டும் திரும்பப் பார்ப்பேன். நல்ல அத்தியாயத்தில் இரண்டும் ஒன்றோடொன்று பேசும். ஐந்தே பக்கத்துக்குள் போன வாரத்தை நினைவூட்டி, ஒரு காட்சியை நடத்தி, அடுத்த வாரத்துக்கு ஒரு கொக்கியும் போட வேண்டும். வீணடிக்க ஒரு கட்டம்கூட இல்லை. தொகுப்பாகப் படிக்கும்போது ஐந்து பக்கத்துக்கு ஒரு அதிர்ச்சி என்று சில தொடர்கள் திகட்டும். பிரிங்க் அதற்கு நேரெதிர், வாரவாரம் படித்தால் நடக்கிற மாதிரியே தெரியாது. அதை மட்டும் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் படியுங்கள்.

பின்னால் போகும்போது

ருசி பிடித்தபின் பழையதைத் தோண்டுவீர்கள். எல்லாவற்றையும் சொல்ல இடமில்லை, சில மட்டும்.

'ஸ்ட்ரோண்டியம் டாக்': பிறழ்வுற்றவர்களை ஒதுக்கிவைத்த பிரிட்டனில், அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே வேலை கூலிக்குக் குற்றவாளி பிடிப்பது. ஜானி ஆல்ஃபா என்ற வெள்ளைக் கண்ணன். சாதி ஒதுக்கல் தெரிந்த நமக்கு இந்தக் கதை இன்னும் ஆழமாக இறங்கும் என்று நினைக்கிறேன். 1990இல் ஜானியைக் கொன்றார்கள். (ரகசியத்தை உடைத்துவிட்டேன், முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது, மன்னியுங்கள்.) எஸ்கெரா அந்தச் சாவை வரைய மறுத்துவிட்டார். அவர் சொன்னதுதான் சரி என்பது என் கட்சி. வாக்னரும் பின்னால் ஜானியை மீட்டுக்கொண்டு வந்தார், எஸ்கெராவே வரைந்தார். 2018இல் எஸ்கெரா காலமானார்.

'தி கர்ஸ்டு எர்த்': 1978, ட்ரெட்டின் முதல் நெடுங்கதை. அதில் இரண்டு பிரபல பர்கர் கம்பெனிகள் பாலைவனத்தில் யுத்தம் நடத்தும் சில அத்தியாயங்களும், விளம்பர பொம்மைகளைக் கிண்டல் செய்தவையும் வழக்குப் பயத்தில் மறுபதிப்பிலிருந்து நீக்கப்பட்டன. பகடிக்கு இடம் தரும்படி பிரிட்டிஷ் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, 2016இல்தான் முழுமையாக வந்தது. வாங்கினால் 'அன்சென்சார்டு' என்று போட்டிருக்கும் பதிப்பையே வாங்குங்கள்.

'ரோக் ட்ரூப்பர்': செத்துப்போன மூன்று நண்பர்களின் மனம் சில்லில் பதிந்து, ஒன்று துப்பாக்கியிலும், ஒன்று ஹெல்மெட்டிலும், ஒன்று முதுகுப்பையிலும் இருந்து பேசிக்கொண்டே வரும். இதைவிட நல்ல முடிச்சு காமிக்ஸில் அபூர்வம். முதல் தொகுப்பு போதும். அதற்கப்புறம் சுற்றிச் சுற்றி அதே இடம்.

'ஸ்லேன்: தி ஹார்ன்டு காட்' ஓவியத்துக்காக. சைமன் பிஸ்லி தைலவண்ணம்போலத் தீட்டித் தள்ளியிருப்பார். விளைவு, அதன்பின் ஐந்தாறு வருஷம் எல்லா ஓவியரும் பிஸ்லி மாதிரி வரைய முயன்று பத்திரிகையே சேற்று நிறமாகிப்போனது. 1990களின் நடுப்பகுதியைப் புதியவர்கள் தாராளமாகத் தாண்டலாம். அதில் ட்ரெட்டின் 'தி பிட்' மட்டும் விதிவிலக்கு: ஊழல் பிடித்த ஒரு புறநகர் நிலையத்துக்கு ட்ரெட் அதிகாரியாகப் போகிற கதை, டி.வி. தொடர் மாதிரி நகரும்.

சினிமாவையும் கேட்பீர்கள். 1995 ஸ்டாலோன் படம் ஹெல்மெட்டைக் கழற்றியது, ரசிகர்கள் இன்னும் மன்னிக்கவில்லை. 2012இல் கார்ல் அர்பன் நடித்த 'ட்ரெட்' கடைசிவரை கழற்றவில்லை. இரண்டாவதை மட்டும் பாருங்கள், ஆனால் அதில் நகரத்தின் கிறுக்குத்தனமான சிரிப்பு குறைவு.

பணம் பற்றி ஒரு வார்த்தை. கேஸ் ஃபைல்ஸ் நாற்பது பாகத்துக்கு மேல் போய்விட்டது. முதுகில் வரிசையாக எண் போட்டிருப்பதால் அலமாரியில் இடைவெளி தெரியும், கை அரிக்கும். அரிக்கட்டும். மின்பதிப்பில் அவ்வப்போது தள்ளுபடி விடுவார்கள், அப்போது வாங்குங்கள். 'பெஸ்ட் ஆஃப் 2000 ஏ.டி.' என்று புதியவர்களுக்காகவே 2022 முதல் சில தொகுதிகள் வந்திருக்கின்றன. பல தொடர்களை ஒரே புத்தகத்தில் ருசி பார்க்க அவை சிக்கனமான வழி.

அக்கா மகன் பிரிங்க் முடித்து, ஐந்தாம் பாகம் முடித்து, போன மாதம் சந்தா கட்டினான். இப்போது புதன்கிழமை இரவுகளில் செய்தி வருகிறது. நேற்று எழுதியிருந்தான்: "மாமா, நாலு கதை சூப்பர். அந்த அஞ்சாவதை யாருக்காகப் போடுறாங்க?" அந்த வாரம் ஐந்தாவது, சினிஸ்டர் டெக்ஸ்டர்.